வணிக நிரலாக்கப் பாடத்துக்கு ஜாவாவா, சீ ஷார்ப்பா? கோபோலையும் சேர்த்து ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) வகுப்பிலோ கம்பஸிலோ உயர்நிலை வணிக நிரலாக்கம் எடுக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த மொழிக்கு வேலை கிடைக்கும் என்று. ஜாவா, சீ ஷார்ப் இரண்டுக்குமே உண்டு. அதில் மினக்கெட வேண்டாம். புரொஜெக்ட்டில் புள்ளி போவது வேறு இடத்தில். காசுக் கணக்குப் பிழைக்கும்போது எந்த மொழி சத்தம் போடும், எது வாய் திறவாமல் இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

ஒரு ஹாட்வெயார் கடைப் பில்லை எடுங்கள். பொருளின் பெறுமதி 1,250.25 ரூபா, வற் (பெறுமதி சேர் வரி) 18%. கல்குலேட்டர் 225.045 என்று காட்டும்; கணக்குப்பிள்ளை 225.05 என்று எழுதுவார்.

சீ ஷார்ப்பில் தசம எண்களுக்கான டெசிமல் வகையை எடுத்துப் பெருக்கி, கிட்டியதாக்கும் மெத் ரவுண்டில் 2 தசமம் என்று கொடுத்தால் விடை 225.04. பிழைச் செய்தி எதுவும் வராது. சரிபாதியில் நிற்கிற எண்ணை இரட்டை இலக்கத்தின் பக்கம் தள்ளுவது அதன் இயல்பு. ‘அவே ஃப்ரம் ஸீரோ’ (சரிபாதியைப் பூச்சியத்திலிருந்து விலக்கித் தள்ளு) என்று நீங்களே சொன்னால்தான் 225.05. ஒரு சதம்தானே என்று விட்டால், மாத முடிவில் பில்களின் கூட்டுத்தொகையும் வரி அறிக்கையும் ஒத்து வராது.

ஜாவாவில் தசம எண்களுக்கான பிக்டெசிமல் வகைக்கு 2 தசமம் என்று மட்டும் சொன்னால் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிந்து அந்த வரியிலேயே நின்றுவிடும். எப்படிக் கிட்டியதாக்குவது என்று சொல்லும்வரை நகராது. சரிபாதியை மேலே தள்ளும் ‘ஹாஃப் அப்’ கொடுத்தால் 225.05. நல்லது, ஆனால் வரிவீதத்தை எப்படிக் கொடுத்தீர்கள்? மேற்கோள் குறி இல்லாமல் 0.18 என்று நியூ பிக்டெசிமலுக்குள் போட்டால், உள்ளே போவது 0.17999999999999999334 அளவிலான எண். பெருக்குத்தொகை 225.045-ஐ எட்டாது, ஹாஃப் அப் போட்டும் 225.04தான். "0.18" என்று ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள்.

பழைய வணிக மொழியான கோபோலில், கணக்கிடும் கம்பியூட் கட்டளையில் ‘ரவுண்டட்’ இல்லையென்றால் மிச்சத்தை வெட்டிவிடும்: 225.04. போட்டால் 225.05.

வகுத்தலில் ஜாவா இன்னும் கறார். நகைக்கடைப் புரொஜெக்ட்டில் பவுண் விலையை 8 ஆல் வகுத்துக் கிராம் விலை எடுப்பீர்கள். 8 ஆல் வகுத்தால் தசமம் எப்போதும் முடிந்துவிடும், ஆகவே சோதனையெல்லாம் சுகமாக ஓடும். பிறகு 10,000 ரூபாவை 3 மாதத் தவணையாகப் பிரிக்கச் சொன்னால் நிரல் விழும், ஏனெனில் 3,333.333… என்று தசமம் முடிவதில்லை. தசம இடத்தையும் கிட்டியதாக்கும் முறையையும் டிவைடுக்குள்ளேயே கொடுங்கள். மிஞ்சுகிற 1 சதத்தைக் கடைசித் தவணையில் சேருங்கள். சீ ஷார்ப் விழாது. மூன்று தவணையையும் 3,333.33 என்று கிட்டியதாக்கிச் சேமித்தால் கூட்டுத்தொகை 9,999.99 ஆகும், அதைச் சொல்லவும் மாட்டாது.

கோபோலில் இன்னொரு ஆபத்து. தொகைக்கு பிக் 9(5)வி99 என்று, அதாவது ரூபாவுக்கு 5 இலக்கம், சதத்துக்கு 2 இலக்கம் என்று இடம் ஒதுக்கி 100,000-ஐ மூவ் செய்தால், முன்னிலக்கம் வெட்டுப்பட்டு 00000.00 பதியும். ஒரு பவுணே இலட்சத்தைத் தாண்டுகிற காலத்தில் அது உதவாது. எஸ்9(9)வி99 வையுங்கள், கணக்கிடும் கட்டளைகளில் இடம் போதாததைப் பிடிக்கும் ‘ஆன் சைஸ் எரர்’ சேருங்கள். இலவசமாகக் கிடைக்கிற குனூ கோபோலில் சில கிழமை பழகலாம். புலத்தின் நீளத்தை முன்கூட்டியே யோசிக்கிற பழக்கம் வரும். அதற்கு மேல் புரொஜெக்ட்டுக்கு எடுக்க வேண்டாம்.

பரிவர்த்தனையில் நிலைமை தலைகீழ். பில் பதிவாகி, ஸ்டொக் குறைய முன் கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து ரத்தாக வேண்டும். ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசியில் ஆட்டோ கமிட் இயல்பாகவே இயங்கும், ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே உறுதியாகிவிடும். அதை நிறுத்தினாலும், பில் வகுப்பும் ஸ்டொக் வகுப்பும் தனித்தனி கனெக்ஷன் திறந்தால் பயனில்லை. ஒன்றையே திறந்து இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். சீ ஷார்ப்பில் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தோடு ட்ரான்ஸாக்ஷன் (பரிவர்த்தனை) தொடங்கிவிட்டு, அதே கனெக்ஷனில் ஒரு கமாண்டுக்கு அதை இணைக்க மறந்தால் உடனே எக்செப்ஷன் வரும். புதிதாகப் படிக்கிறவருக்கு இது பெரிய உதவி.

ஆக, கடைக்கு ஒரு விண்டோஸ் பில்லிங் மென்பொருள் என்றால் சீ ஷார்ப். கிட்டியதாக்கலை ஒரே ஒரு ஃபங்ஷனில் வைத்து எல்லா இடமும் அதையே அழையுங்கள். வெப், பல கிளைகள் என்று விரிகிற புரொஜெக்ட்டுக்கு ஜாவா. விரிவுரையாளர் எதில் பலமோ அதையும் பாருங்கள், வைவாவில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் சேமிக்கப் போகிறீர்களா? எஸ்கியூஎல் சர்வரில் என்வார்கார் என்ற புல வகை, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கம். எஸ்கியூஎல் சர்வரில் வழமையான வார்கார் வைத்தால் பெயர் கேள்விக்குறிகளாகப் பதியும், பிறகு மீட்க வழியில்லை. ஜாவாப் பக்கம் அறிக்கை தயாரிக்கும் ஜாஸ்பர் ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உட்பொதித்தாலும் கொம்பு இடம் மாறி விழலாம். ‘கோபால்’ என்று ஒரு பெயரைப் போட்டு முதல் நாளே அச்சடித்துப் பாருங்கள்.