கடையில் வைத்து விற்கக் கொடுக்கிறீர்களா? 60 செட் நகையில் நான் பட்டது

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் கைவேலை நகை செய்து விற்பவர்கள் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால்தான்.

நான் பட்டுநூல் வளையலும் ஜிமிக்கியும் செய்கிறேன். கல்யாணமாகி டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்கு வந்த பிறகு பொழுதுபோகாமல் பழகியது. கோயில் விசேஷங்களிலும், இங்கே பங்களாதேஷ் மார்க்கெட் என்று சொல்லும் சந்தையில் தெரிந்தவர் மேஜை ஓரத்திலும் வைத்து விற்பேன். 2025 செப்டம்பரில் உம்லாங்கா பக்கம் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். "வணக்கம் ஆன்ட்டி" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். (அவருக்கும் எனக்கும் ஐந்து வயதுகூட வித்தியாசம் இருக்காது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.) தீபாவளிக்கு வளையலும் ஜிமிக்கியும் சேர்ந்த 60 செட் வேண்டும், விற்ற பிறகு பணம், கடைக்கு 40 சதவீதம் கமிஷன் என்றார்.

முதல் தப்பு என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு செட்டுக்கு வளையல், நூல், கல், கொக்கி, பசை எல்லாம் சேர்த்து 55 ராண்ட். வேலை இரண்டரை மணி நேரம். அந்த வருஷம் இந்த நாட்டில் குறைந்தபட்ச கூலி மணிக்கு 28.79 ராண்ட், அதையே எனக்கும் போட்டால் 72. பெட்டி 18. ஆக 145. இதோடு 40 சதவீதம் சேர்த்தால் 203 வருகிறதே, சரி, 205 என்று விலை வைத்துவிட்டேன். கமிஷன் போய் 145 கைக்கு வரும் என்று நினைப்பு. ஆனால் கடைக்காரர் 40 சதவீதத்தை 145-இல் எடுக்கமாட்டார், 205-இல் எடுப்பார். 82 ராண்ட் அவருக்கு, 123 எனக்கு. ஒவ்வொரு செட்டுக்கும் 22 ராண்ட் நானே கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறேன். 145-ஐ 0.6-ஆல் வகுத்திருக்க வேண்டும். 242 வைத்தால்தான் லாபமே இல்லாமல் போட்ட காசாவது திரும்பும். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவள் நான்!

அந்த 18 ராண்ட் பெட்டிக்கு வருகிறேன். நான் வழக்கமாக அட்டையில் குத்தி, பின்னால் என் பெயரும் போன் நம்பரும் எழுதி, சின்னத் துணிப்பையில் போட்டுக் கொடுப்பேன். "அதெல்லாம் மார்க்கெட் லுக், இங்கே எடுபடாது" என்று சொல்லிவிட்டு, கடைப் பெயர் அச்சடித்த, முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த பெட்டிகளை அவரே என்னிடம் விற்றார். 60 பெட்டி, 1,080 ராண்ட், முன்பணமாக. பெட்டிக்குள் வைத்த என் அட்டைகளை "இடம் அடைக்கிறது" என்று எடுத்துவிட்டதாக அப்புறம்தான் தெரிந்தது. என் காசில் அவர் பெயருக்கு விளம்பரம் செய்திருக்கிறேன்.

சரக்கை ஒப்படைத்தபோது கையெழுத்து வாங்கவில்லை. தெரிந்த மனுஷர்போலப் பேசுகிறாரே, பேப்பரை நீட்டினால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று கூச்சம். வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் அடுக்கி எடுத்த போட்டோவோடு "60 செட், 205 ராண்ட், 40 சதவீதம்" என்று வாட்ஸப்பில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. 60 செட் கொடுத்ததற்கு இன்றைக்கு என் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கட்டைவிரல்தான்.

தீபாவளி முடிந்து 21 செட் விற்றதாகக் கணக்கு வந்தது. எனக்கு வரவேண்டியது 2,583. வந்தது 1,683. 900 ராண்ட் 'அலமாரி வாடகை'யாம். அப்படி ஒன்றைப் பற்றி முன்பு பேசவே இல்லை. பண்டிகை நேரத்தில் சண்டை எதற்கு என்று அத்தை சொன்னார், விட்டுவிட்டேன்.

தைப்பூசத்தன்று உம்கேனி ரோடு கோயிலில் காவடி பார்க்க நின்றிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் காதில் என் ஜிமிக்கி. மயில்நீலமும் பொன்நிறமும் கலந்து சுற்றியது, எனக்குத் தெரியாதா? எங்கே வாங்கினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டேன். அந்தக் கடையில்தான், வளையலோடு சேர்த்து 390 ராண்ட் என்றார். பில்லையும் போனில் காட்டினார், நல்ல மனுஷி. கூட்டத்தில் எல்லோரும் "வேல் வேல்" என்கிறார்கள், என் மண்டைக்குள் 390-இல் 40 சதவீதம் ஓடுகிறது.

அடுத்த வாரமே போய்க் கேட்டேன். கடைக்குள் என்ன விலை வைத்தாலும் அது அவர் இஷ்டமாம். 22 செட்டைத் திருப்பிக் கொடுத்தார். மீதி 17 'உடைந்தது, காணாமல் போனது'. உடைந்த துண்டையாவது காட்டுங்கள் என்றதற்குப் பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் என்று, சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட் ஒன்று இருக்கிறது. 20,000 ராண்ட் வரையான வழக்குக்கு அங்கே போகலாம், வக்கீல் வைக்கக்கூடாது, நாமே பேசலாம். முதலில் என்ன பாக்கி என்று எழுதி, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான அத்தாட்சியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் கடை இருக்கும் பகுதிக்கான மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கிளார்க்கைப் பார்த்தால் சம்மன் எழுத உதவுவார். கையெழுத்திட்ட சரக்குப் பட்டியல் இருக்கிறதா என்றுதான் என்னிடமும் முதலில் கேட்டார். வாட்ஸப் போட்டோவையும் அந்தப் பில்லையும் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார்.

இப்போது யார் கேட்டாலும் ஆறு செட்டுக்கு மேல் வைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்பர், விற்கும் விலை, உடைந்தால் யார் பொறுப்பு, எந்தத் தேதியில் பணம் என்று இரண்டு நகல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பையைத் திறக்கிறேன். முகம் சுளிப்பவரிடம் அப்படியே எழுந்து வந்துவிடுகிறேன்.

கோர்ட்டில் அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்த 22-இல் எட்டு செட், கடை ஜன்னல் வெயிலில் ஒரு பக்கமாக வெளுத்துவிட்டது. நூலைப் பிரித்து அந்த வளையல்களையே மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.