காப்பீடு போன வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை: அமெரிக்க அரசின் போதை சிகிச்சை உதவி எண்

டெக்சஸில் இருக்கும் என் தம்பிக்குச் சென்ற ஆண்டு ஜூன் மாதம் வேலை போனது. கம்பெனி கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. பல வருடங்களாக இலைமறை காயாக இருந்த குடி, இரண்டே வாரத்தில் காலையிலேயே தொடங்கும் நிலைக்கு வந்துவிட்டது. சிகிச்சைக்குப் போக அவன் சம்மதித்த அன்றிரவு, எங்கே போவது, யார் பணம் கட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அப்போது எனக்குக் கைகொடுத்த சேவை, சாம்சா என்ற மத்திய அரசு அமைப்பு நடத்தும் 1-800-662-4357 என்ற இலவச உதவி எண்.

இந்த எண் ஆண்டின் 365 நாட்களும் 24 மணி நேரமும் இயங்குகிறது. பேசிய பெண்மணி தம்பியின் பெயரையும் கேட்கவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை. அவன் வசிக்கும் இடத்தின் ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) மட்டும் போதும் என்றார். காப்பீடு இல்லை என்று சொன்னதும், மாநில அரசின் பணத்தில் நடக்கும் சிகிச்சைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு வழிகாட்டினார். அவர்கள் ஆலோசனை சொல்பவர்கள் அல்லர், வழி சொல்பவர்கள். அதைத் தெரிந்துகொண்டு அழைத்தால் ஏமாற்றம் இருக்காது. ஆங்கிலமும் ஸ்பானிஷும்தான் பேசுகிறார்கள் என்பதால், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் அழைக்க நேர்ந்தால் அருகில் ஒருவர் இருந்து பேசித்தர வேண்டும்.

இதே அமைப்பின் ஃபைண்ட்ட்ரீட்மென்ட் டாட் கவ் என்ற இணையதளத்தில் ஜிப் கோடை இட்டால், சுற்றியுள்ள மையங்கள் வரிசையாக வருகின்றன. காப்பீடு, மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டம்), வருமானத்துக்கு ஏற்ற கட்டணம் என்று பணம் கட்டும் முறையை வைத்தும் பட்டியலைச் சுருக்கலாம். எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த வசதிதான். ஆனால் எந்த மையத்தில் இன்று படுக்கை காலியாக இருக்கிறது என்று அது சொல்லாது. ஒரு நோட்டில் கோடு போட்டு, மையத்தின் பெயர், பேசியவர், காத்திருக்க வேண்டிய நாட்கள், முன்பணம் என்று எழுதிக்கொண்டே ஒன்பது இடங்களுக்குப் பேசினேன். மூன்றில் இடமில்லை; இரண்டில் வருமானச் சான்று இருந்தால் கட்டணம் குறையும் என்றார்கள்.

அரசு எண்ணை அழைப்பதற்கு முந்தைய நாள், இணைய விளம்பரத்தில் கண்ட ஒரு தனியார் எண்ணை அழைத்து நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் காப்பீட்டு அட்டையின் எண்ணைக் கேட்டார்கள். காப்பீடு இல்லை என்றதும், வேறொரு மாநிலத்தில் இருக்கும் மையத்துக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகவும் கிரெடிட் கார்டில் கட்டிவிடலாம் என்றும் அவசரப்படுத்தினார்கள். தம்பி என்ன குடிக்கிறான், எவ்வளவு குடிக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோயாளிகளை அனுப்பிவைப்பதற்குக் கமிஷன் வாங்குவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 2018 முதல் இருக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன். நோயைக் கேட்காமல் காப்பீட்டை முதலில் கேட்கும் எண்ணை உடனே துண்டித்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை எல்லாமே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கிய மாநிலங்களில் பிள்ளைகள் இல்லாத, வருமானம் குறைந்த பெரியவர்களும் பொதுவாகச் சேர முடிகிறது. டெக்சஸ் அதை ஏற்காததால், பிள்ளைகளோ உடல் ஊனமோ இல்லாத என் தம்பி போன்றவர்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அங்கே முதலில் தட்ட வேண்டிய கதவு ஓசார் என்று அழைக்கப்படும் மாநிலப் பரிந்துரை மையம். கட்டண வசதி இல்லாதவரையும் பரிசோதித்து, தகுதி இருந்தால் அரசு செலவில் சிகிச்சை தரும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். உதவி எண் எங்களை அனுப்பியதும் அங்கேதான். இன்னொரு பக்கம், வேலையோடு காப்பீடு போனவர்கள் 60 நாட்களுக்குள் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற அரசு இணையதளம் வழியாகப் புதிய காப்பீடு எடுக்கலாம். ஆண்டின் முதல் பாதியில் சம்பாதித்தது மானியத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தைத் தாண்டியிருந்ததால் தம்பிக்கு மானியமும் கிடைத்தது. இந்தத் திட்டங்கள் போதை சிகிச்சையைக் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும், ஏற்கெனவே நோய் இருப்பதாகச் சொல்லி மறுக்கவும் கூடாது. இருந்தாலும் மையம் அந்தக் காப்பீட்டின் நெட்வொர்க்கில் (ஒப்பந்த மையங்களின் பட்டியலில்) இருக்கிறதா, முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று இரு தரப்பிடமும் கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேடல் எதற்கும் காத்திருக்க முடியாத ஒரு நிலை உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ ஜன்னியோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் தம்பியால் வாய்க்குக் கொண்டுபோக முடியாத காலையில், நான் பட்டியலை மூடிவைத்துவிட்டு அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தேன். அவசரப் பிரிவுள்ள மருத்துவமனைகள், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் நோயாளியின் நிலையைச் சீராக்க வேண்டும் என்பது 1986 முதல் சட்டம். நான்கு நாட்கள் அங்கே இருந்தான். ஐந்தாம் நாள், ஓசார் குறித்துக்கொடுத்த மையத்துக்குக் கடைசி இரண்டு சம்பளச் சீட்டுகளையும் வேலை நீக்கக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு அவனோடு போனேன். மாலைக்குள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.