மொறிஸ் மைனரின் டிக்கித் தளம்: கோண்டாவில் கராஜ் ஒன்றின் வேலை

1948 இல் அறிமுகமான மொறிஸ் மைனர் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சுமையைத் தாங்குவதால், டிக்கித் தளம் துருப்பிடிப்பதை வெறும் அழகுக் குறையாக எண்ணிவிட முடியாது. என்னுடைய காரில் முன்பு வேறோரிடத்தில் துருவின் மேலேயே பைபர் ஒட்டிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அதன் அடியில் ஈரம் தேங்கி, தகரம் பொரித்த அப்பளமாய் உதிர்ந்தது.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள இந்தச் சிறிய கராஜில், தளத்தோடு பொருத்தப்பட்ட பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்த பின்னரே கிறைண்டரைக் கையில் எடுத்தார்கள். மூத்த தொழிலாளி சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசை மங்கிய இடங்களைச் சோக்கால் கோடிட்டு, பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினார். பிறகு மட்டையில் அச்சு எடுத்து, 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தகட்டை மடித்துப் பொருத்தி, ஒரே இழுவையாக வெல்டிங் செய்யாமல் இடம் மாற்றி மாற்றிப் புள்ளி புள்ளியாக ஒட்டினார். சூடு ஓரிடத்தில் ஏறினால் தகடு நெளிந்துவிடும். பின்சக்கர ஸ்பிறிங் வில்லுகளைப் பிடிக்கும் பிடிமானங்களையும் நான் கேளாமலே சோதித்தது எனக்கு மிகவும் பிடித்தது.

துருவைத் தடுக்கும் துத்தநாகப் பிறைமரும் மூட்டுகளுக்குச் சீலரும் ஒழுங்காகப் பூசினார்கள். துரு ஏறாதிருக்க உட்குழிகளுக்கு மெழுகு அடிக்கும் வசதி அங்கில்லை. கூலி மலிவன்று, சொன்ன நாளும் தள்ளிப்போனது. ஆயினும் வெட்டிய பழைய தகரத்தை எடுத்துக் காட்டிக் கணக்குச் சொல்லும் நேர்மைக்கு அந்தக் கூலி தகும். அங்கே காரைக் கொடுக்கப் போகிறவர்கள் டிக்கி மூடிக்குப் புதிய றப்பர் வாரையும் கையோடு வாங்கிச் செல்லவும். மாரி மழைநீர் உள்ளே இறங்குவது பெரும்பாலும் அவ்வழியாகத்தான்.