சாதாரணப் பயனருக்கு எந்த லினக்ஸ்? நான்கு இயங்குதளங்கள், ஒரு மதிப்பீடு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததாலோ கணினியின் மையச் செயலி (சிபியு) பழையது என்பதாலோ விண்டோஸ் 11-க்கு மாற முடியாதவர்கள் பலர் அதன் பிறகுதான் திறந்த மூல இயங்குதளங்களின் பக்கம் திரும்பினார்கள். எது பார்க்க அழகாக இருக்கிறது என்பதே அவர்களில் பெரும்பாலோரின் முதல் கேள்வி. திரையின் தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஓர் இயங்குதளம் எத்தனை காலத்துக்கு ஒருமுறை நம்மைப் புதிய பதிப்புக்கு நகரச் சொல்கிறது, புதுப்பிப்பு ஒன்று கோளாறில் முடிந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்திருக்கிறதா ஆகிய இரண்டும் நம் கையில் இல்லாதவை. இணையம், மின்னஞ்சல், ஆவணங்கள், காணொளி என்ற அளவில் கணினியைப் பயன்படுத்துவோரை மனத்தில் வைத்து, லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய நான்கையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வழிவந்தவற்றிலேயே இவை நான்கும் இயங்குகின்றன. ஃபயர்பாக்ஸும் லிப்ரெஆபிஸும் நான்கிலும் ஒன்றே. ஆகவே, இவற்றுக்கு இடையிலான வேறுபாடு ஆர்வலர்களின் விவாதங்களைப் படிக்கும்போது தோன்றுமளவுக்குப் பெரியதன்று.

என் முதல் பரிந்துரை, சினமன் என்ற திரைமுகப்போடு வரும் லினக்ஸ் மின்ட் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸிலிருந்து வருபவருக்குப் பழகிய அமைப்பு அதில் இருப்பது வசதிதான். ஆனால் நான் அதை முன்வைப்பதற்குக் காரணம் வேறு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டுமே அது அடித்தளமாகக் கொள்கிறது. எடுத்துக்காட்டாக, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. அதோடு டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் மின்ட்டுடனேயே சேர்ந்து வருகிறது. அதை ஒருமுறை அமைத்துவிட்டால், குறிப்பிட்ட இடைவெளியில் இயங்குதளத்தின் நிலையைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். புதுப்பிப்புக்குப் பின் ஏதேனும் செயலிழந்தால் முந்தைய நிலைக்குத் திரும்பிவிடலாம். இயல்பான அமைப்பில் அது உங்கள் ஆவணங்களையும் படங்களையும் படியெடுப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவற்றுக்குத் தனியாக ஒரு காப்பு நகல் தேவை. மின்ட்டின் குறை, வெவ்வேறு அடர்த்தி கொண்ட இரண்டு திரைகளை ஒன்றாக இணைக்கும்போது தெரியவரும். வேலண்ட் என்ற புதிய திரைக்காட்சி முறைக்குச் சினமன் தரும் ஆதரவு இன்னும் முதிரவில்லை என்பதால், ஒரு திரையில் எழுத்து சரியான அளவிலும் மற்றொன்றில் ஒவ்வாத அளவிலும் அமைகிறது.

அத்தகைய திரைகளோ, அண்மையில் வாங்கிய மடிக்கணினியோ வைத்திருப்பவருக்கு உபுண்டு பொருத்தமாக இருக்கும். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கிறது. உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் பதிவு செய்தால், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 5 கணினிகள் வரை கட்டணமின்றி அது 10 ஆண்டுகளாக நீள்கிறது. இடைப்பட்ட ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் பதிப்புகளைச் சாதாரணப் பயனர் தொடவே வேண்டாம். உபுண்டு மீதான பெரிய புகார், மென்பொருள்களைப் பொதித்துத் தரும் ஸ்னாப் என்ற வடிவத்தைப் பற்றியது. ஃபயர்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள் ஸ்னாப் வடிவில் வருகின்றன. அந்த வடிவத்துக்கான அங்காடியை, உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் மட்டுமே நடத்துகிறது. இந்த ஒற்றைக் கட்டுப்பாட்டை ஏற்காமல்தான் 2020-இல் மின்ட் 20, ஸ்னாப் தானாக நிறுவப்படுவதைத் தடுத்தது. கொள்கையளவில் எனக்கு மின்ட்டின் பக்கமே நியாயமாகப் படுகிறது, என்றாலும் உலாவியைத் திறந்து செய்தி படிக்கும் ஒருவரின் அன்றாடத்தில் இதனால் பெரிய மாற்றம் எதுவும் நேர்வதில்லை.

ஃபெடோரா நேர்த்தியாகச் செய்யப்பட்டது. நான்கில் புதுமையானதும் அதுவே. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவு என்ற அதன் நடைமுறையில், ஆண்டுக்கு ஒருமுறையாவது பெரிய மேம்படுத்தலைச் செய்தாக வேண்டும். காப்புரிமைச் சிக்கல் உள்ள சில காணொளி வடிவங்களை இயக்கத் தேவையான கோடெக்குகள் என்ற மென்பொருள்களை அது தன்னுடன் தருவதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்தை நாமே இணைத்து, அதிலிருந்து அவற்றை நிறுவ வேண்டும். மின்ட்டில் நிறுவும்போதே ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் முடிந்துவிடும் வேலை இது. இத்தகைய வேலைகளில் ஆர்வம் உள்ளவருக்கு ஃபெடோரா இன்பமே. இந்த மதிப்பீடு அவருக்காக எழுதப்பட்டதன்று.

டெபியன் நிலைத்தன்மைக்குப் பெயர்பெற்றது. 2023-இல் வெளியான டெபியன் 12 முதல், வைஃபை போன்ற வன்பொருள்களுக்குத் தேவையான, திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேரும் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்பட்டுள்ளதால், பழைய தொல்லை குறைந்திருக்கிறது. எனினும் நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் ஒன்றை இட்டால் உங்கள் பயனர் கணக்குக்கு சூடோ என்ற நிர்வாக அனுமதி கிடைக்காது, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கிடைக்கும் என்பன போன்ற நுணுக்கங்களை அறிந்தவர் ஒருவர் நிறுவித் தருவதே நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு நான்கிலும் ஒரே வழிதான்: ஐபஸ் உள்ளீட்டு முறையும், அதற்கான எம்17என் தொகுப்பும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு ஆகிய விசைப்பலகைகள் அதிலேயே இருக்கின்றன. நிறுவிய பின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் அவை பட்டியலில் தோன்றும்.

ஃபோட்டோஷாப்பையோ மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் முழுப் பதிப்பையோ விட முடியாதவர் இவற்றில் எதற்கும் மாற வேண்டாம். மற்றவர்கள் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் ஆகியவற்றோடு, மூடியை மூடித் திறந்தால் கணினி ஒழுங்காக விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். வேகத்தை மட்டும் அப்போது கணிக்காதீர்கள், வட்டில் நிறுவியபின் அது கூடும். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே நிறுவப்போகிறவர்கள், வட்டைப் பிரிப்பதற்கு முன், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டை அந்தக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.