பாட்டிக்கு வாங்குன மெஷ் நெபுலைசர், ஆறு மாசத்துக்கு அப்புறம்

நெபுலைசர்ன்னா மருந்த பனி மாதிரி ஆக்கி மூச்சுல இழுக்க வைக்கிற மெஷின். இது பெங்களூரு அல்சூர்ல ஒரு மெடிக்கல் கடைல வாங்குனது, விலை 2,400 ரூபா. பாட்டிக்கு மார்கழி பொறந்தாலே இழுப்பு வந்துடும், பெங்களூரு குளிரும் தூசியும் சேர்ந்தா கேக்கவே வேணாம். காத்த அழுத்தி மருந்த துளியாக்குற பழைய கம்ப்ரஸர் மெஷின் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுனா பக்கத்து வீட்டுக்காரரு செவுத்த தட்டுவாரு. இது சத்தமே இல்ல, உள்ள ஒரு சின்ன தகடு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டை, தகடு அதிர அதிர மருந்து பொடிப்பொடித் துளியா வெளிய வருது. துளி சுமாரா 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்தாத்தான் நுரையீரல் உள்ள போகும், பெருசா இருந்தா தொண்டையிலயே ஒட்டிக்கும்.

மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்குனாலே ஏன் இப்படி திணறுதுன்னு பாட்டி ஒருநாள் கேட்டுச்சு. பாய்சுய்ன்னு ஒரு பிரெஞ்சு டாக்டரு 1840கள்லயே கணக்கு போட்டு வெச்சிருக்காரு, குழாய் அகலம் பாதியானா உள்ள போறதுக்கு இருக்கற தடை 16 மடங்கு ஆகும்னு. சொன்னேன், "அதான் எனக்கே தெரியுதேடா"ன்னு சொல்லிட்டு மாஸ்க்க மாட்டிக்கிச்சு.

ஒரே கடுப்பு, மூணாவது மாசம் ஓட்டை அடைச்சுக்கிச்சு. தப்பு என்னோடதுதான், போர்வெல் தண்ணில கழுவிட்டேன், உப்பு படிஞ்சிருச்சு. கழுவ டிஸ்டில்டு வாட்டர் மட்டும் யூஸ் பண்ணுங்க. கெட்டியான ஸ்டீராய்டு மருந்துன்னா இன்னும் சீக்கிரம் அடைக்கும், அதுக்கு பழைய மெஷினே தேவலாம், அதுனால தூக்கிப் போடல. சார்ஜ் ஒருவாட்டி போட்டா நாலஞ்சு தடவ வருது. கடைக்காரரு தமிழ்லயே பொறுமையா சொல்லிக் குடுத்தாரு, பில்லு மட்டும் கேட்டு வாங்கணும்.