ஐசியுவா, அரசு வார்டா, வீட்டுத் திண்ணையா?

சித்தி மகள் சென்ற ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தாள். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேள்வி வந்துவிட்டது: "அக்கா, தனியார் ஐசியுவில் சேரட்டுமா, அரசு வேலைக்குக் காத்திருக்கட்டுமா, உன்னைப்போல வீடு வீடாகப் போகட்டுமா?"

மூன்றிலும் இருந்து பார்த்தவள் நான். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள். 2020-ல் கொரோனாவுக்காக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டு அரசு மருத்துவமனை வார்டில் இரண்டரை ஆண்டுகள். 2022 டிசம்பர் 31 அன்று அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2023-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் நோய் ஆதரவு செவிலியர், அதாவது படுக்கையில் விழுந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வேலைதான். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சம்பளக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையில்கூட செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது 2016-ல். அதே ஆண்டு நான் வாங்கிய முதல் சம்பளம் 9,500. போதாக்குறைக்கு அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். இப்போது எனக்கு 18,000, இதுவும் ஒப்பந்தம்தான். நிரந்தர அரசுப் பணி கிடைத்தால் சம்பளத்தில் அதற்கு ஈடில்லை, அதைச் சொல்லவே தேவையில்லை. இரவுப் பணி முதல் இரண்டிலும் உண்டு, மூன்றாவதில் இல்லை. மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு அது பெரிய விஷயம். சித்தி மகளுக்கு இப்போதைக்கு அந்தக் கவலை கிடையாது.

நான் வேலையிடங்களை எடைபோடுவது வேறொன்றை வைத்து. படுக்கைப்புண். அசைய முடியாத ஒருவரின் வால் எலும்புக்கு மேலே, குதிகாலில், இடுப்பெலும்பு முனையில் தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் நின்றால் அதுதான் முதல் நிலை. கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும்வரை போகும். மருந்தைவிட அதற்கு வேண்டியது கை: இரண்டு மணிக்கொரு முறை ஆளைத் திருப்பிப் போடும் கை. ஓரிடத்தில் செவிலியருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, அவர் போனபின் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதை நோயாளியின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஐசியுவில் முதுகு சுத்தமாக இருக்கும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர், மிஞ்சினால் இரண்டு பேருக்கு ஒருவர். காற்று மெத்தை தானாக ஏறி இறங்கும். படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்கும், 6 முதல் 23 வரை போகும் பிரேடன் மதிப்பெண்ணை ஒவ்வொரு ஷிஃப்டிலும் போட்டாக வேண்டும். எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். கையெழுத்தில்லாத கட்டம் ஒன்று இருந்தாலும் காலையில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேச்சு வாங்க வேண்டும். வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. தமனி ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தவுடன் மருத்துவரை எழுப்ப வேண்டுமா, காலைவரை பொறுக்கலாமா என்று தீர்மானிக்கும் திறன் எனக்கு அங்கேதான் வந்தது. ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மனைவியிடமோ மகனிடமோ நான்கு ஆண்டுகளில் நான் பேசியதெல்லாம் "டாக்டர் வந்து சொல்வார்" என்ற மூன்று சொற்கள். டிஸ்சார்ஜ் அன்று ஆளைச் சக்கர நாற்காலியில் அனுப்பிவிட்டு, அந்தப் படுக்கையைத் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்வோம். அந்தச் சுத்தமான முதுகு வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அரசு வார்டில் இரவில் நான் ஒருத்தி, நோயாளிகள் நாற்பதுக்கு மேல். ஊசி, குளுக்கோஸ், சர்க்கரை பார்ப்பது, புதிதாக வந்து சேர்பவர்கள் என்று விடிந்துவிடும். திருப்பிப் போடுவதெல்லாம் கூட இருக்கும் சொந்தக்காரர்கள் பாடு. ஆளில்லாமல் வந்தவருக்கு ஆயா மனசு வைத்தால் உண்டு. அந்த வார்டில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன, ஒரு ரூபாய் செலவில்லாமல்; அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் என் ஷிஃப்டில் சிவப்பாக இருந்த இடம் மறுநாள் தோலுரிந்து கிடப்பதைப் பார்த்தபடி பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த எழுத்து இன்னும் உறுத்துகிறது.

இனி வீடு. ஒரு நாளைக்கு ஆறேழு வீடுகள். வண்டியில் என் பை: சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், கட்டுத் துணி, கையுறை, ரத்த அழுத்தக் கருவி. ஊரில் இருக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்தான் வழிகாட்டி. எந்த வீட்டில் யார் படுக்கையில் விழுந்தார் என்பது எங்கள் பதிவேட்டுக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

சேர்ந்த மூன்றாவது மாதம் பக்கவாதம் வந்த ஒரு தாத்தா. மருத்துவமனையிலிருந்து திரும்பி இருபது நாள். வேட்டியை விலக்கினால் வால் எலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண், நாற்றம் தெருவரை. கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது, தெரிந்ததையெல்லாம் செய்திருந்தார்கள். மஞ்சள் பூசியிருந்தார்கள், முகப் பவுடர் தூவியிருந்தார்கள், சுற்றியிருந்த சிவப்பை எண்ணெய் விட்டுத் தேய்த்திருந்தார்கள், நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையத்தில் உட்காரவும் வைத்திருந்தார்கள். தேய்த்தால் உள்ளே திசு இன்னும் நசுங்கும். வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். நான் ஐசியு பழக்கத்தில் புண்ணைக் கழுவிக் கட்டி, "இரண்டு மணிக்கொரு முறை திருப்புங்கள்" என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் புண் பெரிதாகியிருந்தது.

பாட்டி நாற்பது கிலோ இருந்தால் அதிகம். தாத்தா அவரைவிட இரண்டு மடங்கு. பாட்டிக்குக் கடிகாரமும் பார்க்கத் தெரியாது. என் தாள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அன்று ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்தேன். பழைய நூல் புடவையை நான்காக மடித்துத் தாத்தாவின் தோளிலிருந்து தொடைவரை விரித்து, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஆள் தானாகப் புரள்வார் என்று காட்டினேன். முதுகுக்குப் பின்னால் தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் கழுவுவது, நாற்றத்துக்கு மருத்துவர் எழுதித் தந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவது, தினமும் முட்டை. நேரத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் டவுன் பஸ் ஹாரன் கேட்டது. "இவன் வந்தால் திருப்பட்டுமா?" என்றார் பாட்டி. அந்த ஊருக்குப் பஸ் ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு தடவை. கடைசி பஸ்ஸுக்குப் பிறகு அவரே ஒரு தடவை எழுந்திருப்பார். அதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நான்கரை மாதத்தில் புண் நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. நான் அந்த வீட்டுக்குப் போனது வாரம் ஒருமுறைதான். மீதி ஆறு நாள் வேலை பார்த்தது பாட்டியும் டவுன் பஸ்ஸும். ஐசியுவில் முதுகைக் காப்பாற்றியது என் கை. நான் அடுத்த படுக்கைக்குப் போனால் அது நின்றுவிடும். இங்கே நான் திரும்பி வந்த பிறகும் வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு இந்த வேலையைப் பிடிக்க வைத்தது இதுதான்.

வீட்டுப் பணியிலும் கைவிட்டுப் போகும் இடங்கள் உண்டு. பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத வீட்டில் என் பாடமெல்லாம் சுவரோடு பேசுவதுதான். புற்றுநோய் வலி உச்சத்துக்குப் போகும் இரவில் நான் அங்கே இருப்பதில்லை. மறுநாள் காலையில்தான் கேள்விப்படுகிறேன். குழந்தை நோயாளிகளை இதுவரை இரண்டே பேரைப் பார்த்திருக்கிறேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். பிறகு, வேலைத்திறன் மழுங்குகிறது. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் என் கை இன்று பழையபடி ஓடுமா என்பது சந்தேகம்.

அதனால் சித்தி மகளிடம், எனக்குப் பிடித்ததை அவள் தலையில் கட்டாமல், முதல் இரண்டு ஆண்டு ஐசியு என்றேன், சான்றிதழின் நகலை மட்டும் கொடு, அசலைக் கொடுக்காதே. அரசுத் தேர்வுக்கு அங்கிருந்தே படி. வீடு வீடாகப் போவதற்கு முப்பது வயதுக்கு மேல் வரலாம். யாரும் துணையில்லாத இடத்தில் தனியாக முடிவெடுக்க முன் அனுபவம் வேண்டும்.

சேர்ந்துவிட்டாள். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அழைத்தாள். "அக்கா, ஏழாம் படுக்கைக்குக் குதிகால் சிவந்திருக்கிறது, அழுத்தினால் வெளுக்கவில்லை. குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறேன், சரிதானே?"

கெண்டைக்காலுக்கு அடியில் வை என்றேன். குதிகால் எதன் மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கூடவே, வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மகள் என்றாள். காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அந்தக் காலை ஒருமுறை காட்டச் சொன்னேன்.