பெரு நாட்டுக்குப் பயணத் திட்டம் போட கூகுள் எர்த், வகுப்பறைக்குச் சரிவருமா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெருவுக்கு ஒரு வாரப் பயணத் திட்டம் போடச் சொல்லி, செயற்கைக்கோள் படங்களால் ஆன உலக உருண்டையைத் திரையில் காட்டும் கூகுள் எர்த்தைத் திறந்து கொடுங்கள், புவியியல் பாடம் தானாக நடக்கும். பிரௌசரிலேயே ஓடும், காசு கிடையாது. லிமா கடலோரம், அங்கிருந்து விமானம் ஏறினால் இறங்கும் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், இன்கா மக்களின் பழைய மலை நகரமான மாச்சு பிச்சுவோ அதைவிடக் கீழே, 2,430 மீட்டரில்தான். கர்சரை நகர்த்தும்போது திரையின் மூலையில் உயரம் மாறுவதைப் பார்த்ததும் "அப்போ முதல் நாள் ஓய்வு எடுக்கணுமே, மூச்சு வாங்குமே" என்று அவர்களே திட்டத்தை மாற்றுகிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். இடங்களைக் குறித்துப் படமும் குறிப்பும் சேர்த்து வரிசையாகப் பறந்தும் காட்டலாம்.

ஆனால் இது மட்டும் போதாது. மழைக்காலம் எப்போது என்று படத்தில் தெரியாது. மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் இன்கா நடைபாதையைப் பராமரிப்புக்காக பிப்ரவரியில் மூடிவிடுவது, ஜூனில் குஸ்கோவில் சூரியனுக்கு எடுக்கும் இந்தி ராய்மி விழா, கெச்சுவா பேசும் மக்கள், உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு வெயிலில் காயவைக்கும் சுன்யோ, இதையெல்லாம் ஆசிரியர்தான் தேடித் தர வேண்டும். அப்புறம், திறந்ததும் எல்லோரும் தங்கள் வீட்டு மாடியைத்தான் முதலில் தேடுவார்கள், அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.